ஜி.யு. போப் கல்லறையில் என்னதான் எழுதியிருக்கிறது? ஆக்ஸ்ஃபர்டு செயின்ட் செபல்கர் இடுகாடு பற்றி ஓர் இழை

வைகைக்கரை எழுதியது:

போப்பின் பிறந்தநாளோ நினைவுநாளோ வந்தால் போதும், அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடும். ஆக்ஸ்ஃபர்டில் அவருடைய கல்லறையில் "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்கிக்கொண்டிருக்கிறான்" என்று பொறித்திருக்கிறதாம். பட்டிமன்றத்தில் கேட்டிருக்கிறோம், ஆண்டு விழாவில் கேட்டிருக்கிறோம், வகுப்பில் வாத்தியார் சொல்லியும் கேட்டிருக்கிறோம்.

கல்லில் அப்படி ஒரு வரி இல்லை.

கல் இன்றும் இருக்கிறது, எழுத்து ஆங்கிலம். முதலில் பெயர்: ஜார்ஜ் யூக்ளோ போப், இறையியல் முனைவர். பெயருக்கு அடுத்தே, "தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்" என்கிறது. அப்புறம் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், ஆக்ஸ்ஃபர்டின் பேலியல் கல்லூரியில் கிறிஸ்தவக் குருவாக இருந்தவர் என்ற விவரம். பிறந்த தேதி, இறந்த தேதி. கடைசியாக, கீழ்த்திசை இலக்கியத்துக்காகவும் தத்துவத்துக்காகவும் அவர் வாழ்நாளெல்லாம் உழைத்ததைப் போற்றி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் இருக்கும் அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்தார்கள் என்று முடிகிறது.

அந்த "தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்" என்ற இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிறந்தது கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவு, 1820. வளர்ந்தது இங்கிலாந்தின் பிளிமத். கடைசிக் காலம் ஆக்ஸ்ஃபர்டு. ஆனால் கல்லில் அவருக்கு ஊர் என்று போட்டிருப்பது தென்னிந்தியா. இல்லாத வரியைத் தேடிக்கொண்டிருக்கும் நாம் இருக்கும் வரியைப் படிக்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம். அதற்காகத்தான் இந்த இழை.

இடுகாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் செயின்ட் செபல்கர், வால்டன் தெருவில் இருக்கிறது, 1848இல் திறந்தார்கள். அதுவரை ஆக்ஸ்ஃபர்டில் இறந்தவர்களை அந்தந்தப் பங்குக் கோயிலின் முற்றத்திலேயே புதைத்துவந்தார்கள். பல நூற்றாண்டாக அதே மண். ஒரு குழி வெட்டினால் பழைய எலும்பு மேலே வரும் நிலை. 1832இல் காலரா வேறு வந்துபோயிருந்தது. இனி இடமில்லை என்றாகி, செயின்ட் செபல்கர், ஹோலிவெல், ஆஸ்னி என்று மூன்று இடுகாடுகளை ஒரே காலத்தில் ஏற்படுத்தினார்கள். 1849இலும் 1854இலும் திரும்பக் காலரா வந்தபோது இவைதான் தாங்கின. 1855இல் நகருக்குள் இருந்த பழைய கோயில் முற்றங்களில் புதைப்பதை நிறுத்தியே விட்டார்கள்.

லண்டனில் இது முன்பே தொடங்கிவிட்டது. கென்சல் கிரீன் 1833, ஹைகேட் 1839. பாரிஸில் பெர் லாஷேஸ் இடுகாட்டைப் பார்த்துவிட்டு வந்த ஒரு வழக்கறிஞரின் முயற்சியில் பிறந்தது கென்சல் கிரீன். ஊருக்கு வெளியே, மரமும் பாதையும் வைத்து, உறவுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து உலாவும்படி ஓர் இடுகாடு. விக்டோரியா காலத்து ஆளுக்கு அது புது யோசனை. ஆக்ஸ்ஃபர்டுக்காரர்கள் அதைச் சின்ன அளவில் செய்தார்கள்.

அங்கே வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பது பெரிய பட்டியல். நண்பர்கள் தெரிந்ததைச் சேருங்கள்.

தமிழ்த்தேனீ எழுதியது:

நண்பரே, கோபத்தில் எழுதவில்லை, ஆதங்கத்தில் எழுதுகிறேன். இருபது வருடம் தமிழாசிரியையாக வகுப்பில் இந்த வரியைச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது பிள்ளைகள் முகம் மாறும். ஒரு வெள்ளைக்காரர் தன்னைத் தமிழ் மாணவன் என்று சொல்லிக்கொண்டு மண்ணுக்குள் போனார் என்றால், தமிழை மதிக்காத பிள்ளைகூட ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காரும். அதை எடுத்துவிட்டால் அவர்களுக்கு என்ன கொடுப்பது?

அதோடு, அது அவர் உயிலில் இருந்த விருப்பம் என்றுதான் நாங்கள் படித்தோம். கல்லறையில் தமிழ் மாணவன் என்று எழுதவேண்டும், செலவில் ஒரு பகுதி தமிழர் தரும் காசாக இருக்கவேண்டும், பெட்டியில் திருக்குறளையும் திருவாசகத்தையும் வைக்கவேண்டும் என்று மூன்று விருப்பங்கள். கல்லில் பொறிக்கவில்லை என்பதாலேயே அவர் சொல்லவில்லை என்று ஆகிவிடுமா?

கல்வெட்டுக் கண்ணன் எழுதியது:

சகோதரி, ஆகாதுதான். ஆனால் செய்தி சொல்வது "அவர் விரும்பினார்" என்று அல்லவே. "கல்லறையில் எழுதியிருக்கிறது" என்கிறது. கல்லில் இருக்கிறதா இல்லையா என்பது போய்ப் பார்த்தால் தெரிந்துவிடுகிற விஷயம். இல்லை என்றால் இல்லை.

நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டாவதைக் கவனியுங்கள். தமிழர் காசு. அதற்குக் கல்லே சாட்சி. குடும்பத்தார் பெயருக்குப் பக்கத்திலேயே, ஒரே வாக்கியத்தில், தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்று வெட்டியிருக்கிறார்கள். 1908இல் மதராசிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஆக்ஸ்ஃபர்டுக்குப் பணம் போவது என்றால் மணியார்டர், கப்பல் தபால், வாரக்கணக்கில் காத்திருப்பு. முன்பின் பார்த்திராத ஊரில் நிற்கப்போகும் கல்லுக்காக அதைச் செய்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்களேன்.

செல்வி எழுதியது:

நான் ஆக்ஸ்ஃபர்டில் ஜெரிகோ பக்கம் குடியிருக்கிறேன். அந்த இடுகாட்டு வழியாகத்தான் பல நாள் நடை. போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். வால்டன் தெருவில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே ஒரு குறுகலான பாதை உள்ளே போகும். தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். பாதையின் முடிவில் 1865இல் கட்டிய வாயில் வீடு, கீழே வளைவு. அதற்குள் நுழைந்ததும் சத்தம் சட்டென்று குறைந்துவிடும். நடுவில் முன்பு ஒரு சிற்றாலயம் இருந்தது, இடித்துவிட்டார்கள். இப்போது அது வெறும் திறந்தவெளி. யூ மரங்கள் கறுப்பாக அடர்ந்து நிற்கும். வடக்கே ஒரு காலத்தில் லூசி இரும்பாலை ஓடிய இடம், இப்போது அடுக்குமாடி வீடுகள்.

கற்களைப் பார்க்கப் போகிறவர்கள் வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் போங்கள். நேர் வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. பக்கவாட்டில் வெயில் விழுந்தால் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கி, மங்கிய வரிகள்கூடப் படிக்கவரும். ஆனால் தயவுசெய்து சாக்பீஸ் தேய்ப்பது, கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டுவது, பால் ஊற்றுவது எதுவும் வேண்டாம். இங்கே பல கற்கள் ஆக்ஸ்ஃபர்டுச் சுண்ணாம்புக்கல். தொட்டாலே பொரிந்து உதிரும். பாசியைப் பிய்த்தால் அதோடு எழுத்தும் வந்துவிடும்.

புதைப்பது நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்று புல் வெட்டுவது, கொடி அகற்றுவது, ஒவ்வொரு கல்லிலும் இருப்பதைப் படித்துப் பதிவு செய்வது எல்லாம் அந்த இடுகாட்டின் நண்பர்கள் குழுவாகச் சேர்ந்த உள்ளூர் ஆட்களின் உழைப்பு. தமிழே தெரியாதவர்கள் போப்பின் கல்லைப் படித்து, அவர் யார், எந்த ஊரில் என்ன செய்தார் என்று தேடி எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒருவழிப்பாதை எழுதியது:

அக்கா, வடமொழி அறிஞர் மேக்ஸ் முல்லரும் அங்கேதானா?

செல்வி எழுதியது:

இல்லை தம்பி. மேக்ஸ் முல்லர் 1900இல் இறந்தார், அவர் ஹோலிவெல் இடுகாட்டில் இருக்கிறார். மூன்று இடுகாடுகளும் பங்குவாரியாக, அதாவது கோயில் வட்டாரவாரியாக, பிரித்துக் கொடுத்தவை. செயின்ட் ஜைல்ஸ், செயின்ட் மைக்கேல், மேரி மேக்டலின், செயின்ட் பால் பங்குகளில் குடியிருந்தவர்கள் செயின்ட் செபல்கருக்கு வருவார்கள். யார் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்பதுதான் எங்கே புதைப்பது என்பதை முடிவுசெய்தது. இவை எல்லாமே ஆங்கிலிக்கன் சபையின் இடங்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மற்றச் சபையாருக்கு நகராட்சி இடுகாடுகள் வரும்வரை பெரும்பாடுதான்.

வைகைக்கரை எழுதியது:

செல்வி அக்கா எழுதியதுபோல் ஒரு பதிவுக்காகத்தான் காத்திருந்தேன்.

தமிழ்த்தேனீ டீச்சர், பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டீர்கள். போப்பே எழுதி வைத்திருப்பதைக் கொடுக்கலாம். 1900இல் வந்த அவருடைய திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையைப் பாருங்கள். தன் எண்பதாவது பிறந்தநாளில் அந்த முன்னுரைக்குத் தேதி இடுகிறார். தன் முதல் தமிழ்ப் பாடம் 1837இல் நடந்தது என்று குறிப்பைப் புரட்டிப் பார்த்துச் சொல்கிறார். அதாவது மதராசுக்கு வந்து இறங்குவதற்கு இரண்டு வருடம் முன்பே, இங்கிலாந்தில் இருந்தபடி தொடங்கிவிட்டார். பதினேழு வயதில் தொடங்கிய படிப்பு எண்பது வயதில் நிறைவுக்கு வருகிறது என்று மனம் நெகிழ்ந்து எழுதுகிறார். இடையில் 1886இல் திருக்குறள், 1893இல் நாலடியார்.

அறுபத்து மூன்று வருடம் ஒருவர் தமிழ் படித்ததற்கு அவருடைய கையெழுத்தே சான்றாக இருக்கும்போது, சான்று இல்லாத ஒரு வரி நமக்கு எதற்கு?

அதே முன்னுரையில் இன்னொரு காட்சி வருகிறது. ஒரு மாலை, பிரார்த்தனை முடிந்து, பேலியல் கல்லூரி முற்றத்தில் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டோடு போப் நடந்துகொண்டிருக்கிறார். பேச்சு தமிழ்க் கதைகள், தமிழ்ப் பாட்டு, தத்துவம் என்று போகிறது. நடுவில் ஓர் இடைவெளி. ஜோவெட் சட்டென்று, "நீங்கள் இதை அச்சிட்டே ஆகவேண்டும்" என்கிறார். தனக்குச் சாகாவரம் ஒன்றும் கிடையாது, வேலையோ நெடுங்காலம் பிடிக்கும் என்கிறார் போப். ஜோவெட் திரும்புகிறார், அவருடைய வெள்ளை முடியிலும் முகத்திலும் நிலா வெளிச்சம் விழுகிறது. போப்பின் தோளில் கை வைத்து, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்கிறார். சோர்ந்தபோதெல்லாம் அந்தச் சொல்தான் தன்னைத் தூக்கி நிறுத்தியது, அது பலித்தது, சொன்னவர்தான் போய்விட்டார் என்று போப் எழுதுகிறார்.

ஜோவெட் 1893 அக்டோபரில் இறந்தார். அவரும் இதே செயின்ட் செபல்கரில்தான் இருக்கிறார்.

நாசரேத்துக்காரன் எழுதியது:

இது எனக்குத் தெரியாது அண்ணாச்சி! நாங்கள் சாயர்புரத்துக்குப் பக்கத்து ஊர். 1842இல் போப் அங்கே வந்தார், பள்ளி வைத்தார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். அங்கே இன்றைக்கும் போப் பெயரில் கல்லூரி இருக்கிறது. என் சித்தப்பா அதில் படித்தவர். ஆக்ஸ்ஃபர்டில் ஒரு முற்றத்தில் நின்று திருவாசகத்தைப் பற்றிப் பேசினார் என்பதைக் கேட்க மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

ஜோவெட் யார் என்று கொஞ்சம் சொல்லுங்கள். பிளேட்டோவை மொழிபெயர்த்தவர் என்ற மட்டில்தான் தெரியும்.

கல்வெட்டுக் கண்ணன் எழுதியது:

அவரேதான். கிரேக்கம் கற்பித்தவர், பிளேட்டோவின் உரையாடல்களை ஆங்கிலத்தில் தந்தவர், 1870 முதல் சாகும்வரை பேலியலின் தலைவர். நமக்கு வேண்டிய தொடர்பு வேறு. ஐ.சி.எஸ். வேலைக்கு ஆளெடுக்கப் போட்டித் தேர்வு வைக்கவேண்டும் என்று 1854இல் அறிக்கை கொடுத்த மெக்காலே குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். பின்னால் தேறியவர்கள் பயிற்சிக் காலத்தில் வந்து தங்கும் இடமாகப் பேலியலை ஆக்கினார். மதராஸ் மாகாணத்துக்குப் போகப்போகும் பையன்கள் தமிழ் படிக்கவேண்டும், அதற்கு ஆள் வேண்டும். 1884இலிருந்து போப் ஆக்ஸ்ஃபர்டில் தமிழ் சொல்லிக்கொடுத்ததற்கு இதுதான் பின்னணி. ஆட்சி நடத்த வைத்த வகுப்பு. அதிலிருந்து திருவாசகம் வந்தது போப்பின் ஆசையால்.

ஜோவெட்டின் தம்பிகள் இருவர் இந்தியாவில் வேலைக்கு வந்து இங்கேயே இறந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே இருக்கும் மற்றவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள்: மெய்யியலாளர் டி.எச். கிரீன், இவரும் பேலியல்காரர், 1882இல் இறந்தவர். கணிதம் படித்தவர்களுக்கு ஸ்மித் நார்மல் ஃபார்ம் தெரிந்திருக்கும். அந்த ஹென்றி ஸ்மித், 1883. ராட்க்ளிஃப் வானோக்கு நிலையத்தில் இருந்த மானுவல் ஜான்சன், 1859. பல்கலைக்கழக அச்சகத்தை நடத்திய தாமஸ் கோம்ப், 1872. கோம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லலாம். ஜெரிகோ அப்போது அச்சகத் தொழிலாளர்கள் குடியிருந்த, சாக்கடை நாறிய பகுதி. அவர்களுக்காகத் தன் காசில் செயின்ட் பார்னபஸ் கோயிலைக் கட்டிக்கொடுத்தார். ஓவியர் ஹோல்மன் ஹண்டை யாரும் சீண்டாத காலத்தில் அவருடைய படங்களை வாங்கியவரும் அவரே.

அவரோடு வேலைபார்த்த அச்சுக்கோப்பவர்கள், கடைக்காரர்கள், கல்லூரிச் சமையல்காரர்கள், பிறந்து சில நாளில் போன குழந்தைகள், எல்லாரும் அதே மதிலுக்குள்தான். பெயர்பெற்றவர்களை எண்ணினால் கைவிரல்கள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

பனைமரம் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், இப்ப கனடாவில். "தமிழ்" என்ற சொல் கல்லில் இருக்கிற இன்னொரு இடுகாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

மானிப்பாய் ஆஸ்பத்திரி என்றால் எங்கட ஆக்களுக்கு டாக்டர் கிறீனைத் தெரியும். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், அமெரிக்கர், 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். மருத்துவத்தை ஆங்கிலத்தில் படிப்பித்தால் படித்தவன் ஊரைவிட்டுப் போய்விடுவான், தமிழிலேயே படிப்பிக்கவேண்டும் என்று நின்றவர். உடற்கூறு, அறுவை, பிள்ளைப்பேறு, இரசாயனம் என்று பெரும் பெரும் புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார். அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். 1873இல் உடம்பு முடியாமல் ஊர் திரும்பிய பிறகும் அங்கிருந்தபடி மொழிபெயர்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1884இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில் காலமானார். அங்கே உள்ள ரூரல் இடுகாட்டில் அவருடைய கல் இருக்கிறது. அதுவும் 1838இல் தொடங்கிய, இதே காலத்து இடுகாடுதான். அந்தக் கல்லில் "தமிழருக்கு மருத்துவ ஊழியர்" என்று அவரைச் சொல்லியிருக்கிறது. அவரே கேட்டு வைத்த வாசகம்.

போப்புக்குச் சொல்லப்படுகிற கதை கிறீனுக்கு உண்மையாகவே நடந்திருக்கிறது. ஆனால் அவரைப் பற்றி ஒரு செய்தியும் சுற்றுவதில்லை.

கல்வெட்டுக் கண்ணன் எழுதியது:

பனைமரம், அருமை. உங்கள் பதிவைப் படித்ததும் எல்லீஸ் ஞாபகம் வந்தது. அவர் விக்டோரியாவுக்கு முந்தியவர், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மதராஸ் கலெக்டராக இருந்த எல்லீஸ் 1819இல் ராமநாதபுரத்தில் இறந்தார், புதைத்தது திண்டுக்கல்லில். அவருக்கு ஆங்கிலக் கல்லோடு தமிழ்க் கல்லும் வைத்தார்கள். குறளின் அறத்துப்பாலுக்கு விளக்கம் எழுதியவர் என்று அதில் தமிழ்ப் பாட்டு இருக்கிறது. ஆக, குறளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஒருவருக்குத் தமிழிலேயே கல்லறை வாசகம் உண்டு. அது ஆக்ஸ்ஃபர்டில் இல்லை, நம் ஊரில்.

தமிழ்த்தேனீ எழுதியது:

டாக்டர் கிறீன் செய்தியைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி நெடுநேரம் யோசித்தேன். எனக்கு இது எதுவும் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கும் யாரும் சொன்னதில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. தன் உயிலிலோ கடிதத்திலோ போப் அப்படிச் சொன்னார் என்று யாராவது மூலத்தைக் காட்டினால் ஏற்றுக்கொள்வீர்களா?

வைகைக்கரை எழுதியது:

காட்டினால் மகிழ்ச்சியோடு இங்கேயே முதல் ஆளாகப் போடுகிறேன் டீச்சர். உயில் என்றால் உயிலின் நகல், கடிதம் என்றால் யாருக்கு எழுதியது, எந்த நாள் என்ற விவரம். "ஒரு கட்டுரையில் படித்தேன்" என்பது போதாது. அந்தக் கட்டுரைக்காரரும் இன்னொரு கட்டுரையில்தான் படித்திருப்பார்.

காவிரிமைந்தன் எழுதியது:

எல்லாரும் போப்பைப் போற்றுகிறீர்கள், நானும் போற்றுகிறேன். குறளும் திருவாசகமும் அவர் கொடுத்த கொடை. ஆனால் நான் தஞ்சாவூர்க்காரன். 1850களில் அவர் தஞ்சாவூரில் இருந்த வருடங்களைப் பற்றி எங்கள் பக்கத்துச் சபைகளில் வேறு நினைவு உண்டு. சாதியைச் சபைக்குள் விடக்கூடாது என்பதில் அவர் பிடித்த பிடி கடுமையானது. அந்தப் பிடியில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் நடத்திய விதத்தில் மனிதர்கள் காயப்பட்டார்கள், சபை பிளந்தது, பலர் தரங்கம்பாடி லூத்தரன் பக்கம் போனார்கள், அந்த மிஷனரிகளோடு அச்சில் சண்டை வேறு. ஊட்டியிலும் பெங்களூரிலும் பள்ளி நடத்தியபோதும் கண்டிப்புக்குப் பேர்போனவர்.

கல்லில் "தமிழ் நண்பர்கள்" என்று இருக்கிறதே, அந்த நண்பர்கள் 1900களின் ஆட்கள். சைவ சித்தாந்தம் பேசியவர்கள், தமிழ்ப் பேராசிரியர்கள், அவருடைய மொழிபெயர்ப்பைப் படித்தவர்கள். இளமையில் அவர் மோதிய தமிழர்கள் வேறு. இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் ஆள் முழுசாகத் தெரிவார்.

வைகைக்கரை எழுதியது:

முழுக்க ஒப்புக்கொள்கிறேன் காவிரிமைந்தன். மதராசில் இறங்கியபோது அவருக்கு வயது பத்தொன்பது. முதல் மனைவி 1845இல் தூத்துக்குடியில் இறந்துபோனார். தஞ்சாவூரில் சண்டையிட்டபோது முப்பதுகளில் இருந்தார். திருவாசகத்தோடு உட்கார்ந்தபோது எழுபதைத் தாண்டியவர். பிற மதத்தின் பக்திப் பாடலுக்குள் ஒரு கிறிஸ்தவக் குரு அவ்வளவு தூரம் உள்ளே போனது அந்த வயதில்தான். கல்லறைக் கல்லுக்கு இவ்வளவும் வெட்ட இடம் இருக்காது. நாம் எழுதலாம், நமக்கு இடம் இருக்கிறது.

ஒருவழிப்பாதை எழுதியது:

இங்கிலாந்தில் இந்தியர்களுடைய கல்லறைகள் இதே மாதிரி விக்டோரியா இடுகாடுகளில் உண்டா? அடுத்த மாதம் வேலை விஷயமாக பிரிஸ்டல் போகிறேன்.

செல்வி எழுதியது:

பிரிஸ்டல் என்றால் தம்பி, நீங்கள் கட்டாயம் பார்க்கவேண்டியது ஆர்னோஸ் வேல். ராஜா ராம்மோகன் ராய் அங்கேதான் இருக்கிறார்.

அவர் 1831இல் இங்கிலாந்து வந்தார். முகலாய அரசர் இரண்டாம் அக்பரின் தூதராக, ராஜா பட்டத்தோடு. உடன்கட்டைத் தடையை எதிர்த்துப் பிரிவி கவுன்சிலுக்குப் போன மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யவைக்கவும் உழைத்தார், 1832இல் அது தள்ளுபடியானது. 1833 செப்டம்பர் 27இல் பிரிஸ்டலில் காய்ச்சல் கண்டு இறந்தார். உடம்பில் பூணூல் இருந்தது. கிறிஸ்தவ மண்ணில் வேண்டாம் என்பதற்காக, தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்திலேயே மரங்களுக்கு நடுவில் புதைத்தார்கள். பத்து வருடம் கழித்து, துவாரகநாத் தாகூர் இங்கே வந்தபோது ஏற்பாடு செய்து, 1843இல் ஆர்னோஸ் வேலுக்கு மாற்றி, மேலே வங்காளத்துச் சத்திரி மண்டபம் எழுப்பினார். சுற்றிலும் கிரேக்கக் கோயில் மாதிரியான சிற்றாலயங்களும் சிலுவைகளும். அதற்கு நடுவில் தூண்களும் கும்மட்டமுமாக அது மட்டும் தனியாகத் தெரியும்.

அந்த மண்டபத்தைக் கட்டிய துவாரகநாத், அதாவது ரவீந்திரநாத்தின் தாத்தா, 1846இல் லண்டனில் இறந்து கென்சல் கிரீனில் புதைக்கப்பட்டார். நண்பருக்கு மண்டபம் எழுப்பியவருக்கு எளிய கல்லறைதான்.

ஆர்னோஸ் வேலில் மேரி கார்பென்டரையும் பாருங்கள். ராய் இறந்தபோது அவர் இளம்பெண், அவருடைய அப்பாதான் ராயை பிரிஸ்டலுக்கு அழைத்தவர். பெண்கல்விக்காக 1866இல் இந்தியா வந்து, மதராஸ் உட்படப் பல ஊர்களுக்குப் போனார். 1877இல் இறந்தார். அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதிகள் நடத்திய ஜார்ஜ் முல்லரும் அங்கேதான்.

ஓர் எச்சரிக்கை: அங்கே இப்போது கல்யாணம் நடக்கும், காபிக் கடை இருக்கும். பார்த்துத் திகைக்காதீர்கள்.

நாசரேத்துக்காரன் எழுதியது:

இடுகாட்டில் கல்யாணமா? எங்கள் அம்மாவிடம் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார்.

செல்வி எழுதியது:

எனக்கும் முதலில் ஏற்கவில்லை. ஆனால் 1980களின் கடைசியில் அந்த இடத்தின் அப்போதைய உரிமையாளர் நிலத்தில் கட்டடம் கட்டத் திட்டமிட்டார். புதர் மண்டி, கற்கள் சாய்ந்து, வாயிலைப் பூட்டும் நிலைக்குப் போனது. உள்ளூர் மக்கள் வருடக்கணக்காகப் போராடினார்கள். 2003இல் நகராட்சி கட்டாயமாகக் கையகப்படுத்தி ஓர் அறக்கட்டளையிடம் விட்டது. இடுகாடு நடத்துவதில் வருமானம் குழி விற்பதில்தான். குழி தீர்ந்தால் வருமானம் தீர்ந்தது, கல்லும் மரமும் மட்டும் மிஞ்சும். விக்டோரியா காலத்துக் கம்பெனிகள் எல்லாம் விழுந்தது அந்த இடத்தில்தான். கல்யாணத்துக்கு வாடகை வாங்கித்தான் ராய் மண்டபத்தைச் சுற்றிப் புல் வெட்டமுடிகிறது என்றால், நான் அந்தக் கல்யாணத்துக்கு ஆசீர்வாதம் சொல்வேன்.

காவிரிமைந்தன் எழுதியது:

நம் ஊர் நிலைமையையும் நினைத்துக்கொள்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் கல்லறைகளில் எத்தனை கற்கள் துணி துவைக்கப் போயின, எத்தனை படிக்கட்டாகின. கல்லைப் படித்துப் பதிவு செய்ய பத்துப் பேர் சேர்ந்தால்கூடப் போதும். ஆளுக்கு ஒரு கைபேசி இருக்கிறது.

நாசரேத்துக்காரன் எழுதியது:

காவிரிமைந்தன் அண்ணன் சொன்னதை நான் தூத்துக்குடியில் தொடங்குகிறேன். போப்பின் முதல் மனைவி 1845இல் அங்கே இறந்தார் என்று வைகைக்கரை அண்ணாச்சி எழுதினாரே. அந்தக் காலத்துப் புதைப்புப் பதிவேடு எந்தச் சபையில் இருக்கும் என்று எங்கள் குருவானவரிடம் கேட்டிருக்கிறேன். கூட வருகிறவர்கள் தனிமடல் போடுங்கள்.

தமிழ்த்தேனீ எழுதியது:

நானும் வருகிறேன், தூத்துக்குடியில் என் தங்கை வீடு இருக்கிறது. அதற்கு முன்னால் வைகைக்கரை, கல்லில் இருப்பதை வரி விடாமல், வகுப்பில் பலகையில் எழுதுகிற மாதிரி ஒழுங்கான தமிழில் எனக்கு அனுப்புங்கள். செல்வி, கல்லின் படம் வேண்டும், நீங்கள் சொன்ன அந்தச் சாய்வெயிலில் எடுத்தது. திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்குப் போப் பாடம் இருக்கிறது.

செல்வி எழுதியது:

நாளைக்கு இங்கே வெயில் என்கிறார்கள் டீச்சர். சாயங்காலம் எடுத்து அனுப்புகிறேன். ஜோவெட் கல்லையும் சேர்த்து.